ஸ்பனர் பெட்டியின் கீழ்த்தட்டு

திருக்கடலூர்க் கரையில்
எஞ்சின் திருத்துகிற எனக்கு
இப்போது இன்னொரு வேலையும் உண்டு,
ஒருவனுடைய குளிசைகளை எண்ணி வைத்திருப்பது.

பதினாலாம் நம்பர் ஸ்பனருக்குக் கீழே,
கிறீஸ் ஊறிய துணியில் சுற்றி.
காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று.
கையில் கொடுத்து,
விழுங்கும்வரை பார்த்து நிற்பேன்.

யோகசீலன் சிரிப்பான்:
"முந்தி ரவுண்ஸ் எண்ணித் தந்தனி,
இப்ப குளிசை எண்ணித் தாறாய்.
உனக்கு உத்தியோகம் மாறேல்லையடா."

அவன் இடுப்புக்குள் மூன்று ஷெல் துண்டு.
எடுத்தால் நடக்கமாட்டான் என்றார்கள்.
எடுக்காவிட்டால் நித்திரை கொள்ளமாட்டான் என்று
ஒருவரும் சொல்லவில்லை.
முதலில் ஆஸ்பத்திரிக் குளிசை.
குளிசை காணாதென்று கசிப்பு.
கசிப்பும் காணாதென்று
இரண்டும்.

சுபேந்திரனுக்கும் இதே ஒழுங்குதான் நடந்தது.
போன மாசியில் அவனை இழந்தோம்.
எப்படி என்று எழுதமாட்டேன்.
ஊர் சொன்னது, குடிச்சே அழிஞ்சான்.
தமக்கை சொன்னாள், தம்பிக்கு இரவு விடியிறதே இல்லை.
மரண விசாரணை அதிகாரி
ஒரே வரியில் முடித்தார்.
படிவத்தில் அவ்வளவு இடம்தான்.

நான் நினைப்பது வேறு.
சாகிற எண்ணம் அவனுக்கு
மூதூர் வள்ளம் மாதிரி.
வரும். கொஞ்சநேரம் இரைந்துகொண்டு நிற்கும்.
ஏறாமல் நின்றால் திரும்பிப் போய்விடும்.
எனக்கும் அந்த வள்ளத்தைத் தெரியும்.
அது போகும்வரை கரையில் நிற்க
மனுசனுக்கு ஒரு பத்து நிமிசம் வேணும்.
குடி
அந்தப் பத்து நிமிசத்தைத்தான் குடித்தது.

நான் விட்டுப் பதினொரு மாதம்.
பெருமைக்குச் சொல்லவில்லை,
பின்னேரம் ஆறு மணிக்கு
கை இன்னும் எதையோ தேடுகிறது.
ஸ்பனரைக் கொடுக்கிறேன் அதற்கு.

சுமனவீர வருவதும் அந்த நேரம்தான்.
கடற்படையில் இருபத்திரண்டு வருசம்.
பென்சன் காசில் வாங்கின பழைய யமஹா,
வாரத்துக்கு ஒருக்கா கோளாறு.
அவரிடம் பென்சன் புத்தகம்,
எங்களிடம் லமினேற் பண்ணின புனர்வாழ்வுச் சான்றிதழ்.
போத்தல் மட்டும் ஒரே கடைப் போத்தல்.

ஒருநாள் எஞ்சினைப் பற்றிப் பேசாமல்
ஒரு பொலித்தீன் பையை நீட்டினார்.
வீட்டில் கிடந்த மருந்தெல்லாம்.
"மல்லி, அந்தப் பெட்டியில இடம் இருக்கா?"

சுபேந்திரனிடம் கேட்காததை
அவரிடம் கேட்டேன். நேராய்.
"சாகிற யோசனையா, ஐயா?"
கேட்டால் நடந்துவிடும் என்று
இவ்வளவு காலம் வாயைக் கட்டியிருந்தேன்.
நடக்கவில்லை.
அவர் சீனன்குடாப் பக்கம் பார்த்தார்,
மா ஆலையின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியும்வரை.
பிறகு சொன்னார்,
"இண்டைக்கு இல்ல."

இன்றைக்கு இல்லை என்பதை
நாளைக்கும் போய்க் கேட்கவேணும்.
கேட்டேன்.

நேற்று இரவு மூன்று மணிக்கு
யோகசீலனின் கோல்.
பேச்சில்லை, மூச்சுத்தான்.
"எங்க நிக்கிறாய்?"
பஸ் நிலையம்.
மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணாமலே
சந்திவரை தள்ளிக்கொண்டு ஓடினேன்,
ஏனென்று இப்போதும் தெரியாது.

சீமெந்து வாங்கில் இருந்தான்.
வெறி. சட்டை முழுக்கச் சத்தி.
நகரத்து மான்கள் நாலைந்து
அவனைச் சுற்றிக் கடதாசி மேய்ந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
பக்கத்தில் இருந்தேன்.
புதன்கிழமை கிளினிக்.
இரண்டு தரம் போகாமல் விட்டவன்
கொப்பியை மட்டும் மடியில் வைத்திருந்தான்.

ஒரு மான் மெல்ல வந்து
அதன் மூலையைக் கவ்வியது.

"விடடி, சனியன்!"
என்று இழுத்துப் பறித்து,
எச்சிலைச் சாரத்தில் துடைத்து,
நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான்
எனக்கு மூச்சு வந்தது.